ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினைப் பிரிப்பவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, ஜாகுவார் இ-டைப் காரின் 3.8 லிட்டர் எக்ஸ்கே எஞ்சினை முழுசாகப் பிரிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் எண்ணெய் வழிகளை மூடித் திருகு அடைப்பான்கள் இருக்கும். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் கிரைண்டிங் (தண்டின் தேய்ந்த பரப்பைச் சாணை பிடிப்பது) முடித்துப் பூட்டினால், இத்தனை வருட அழுக்கும் உள்ளேயே தங்கி, புது பேரிங்கைத் தின்றுவிடும். நான் ஒரு செட்டைப் பறிகொடுத்தது இப்படித்தான், சொல்லவே வெட்கம். இறுகிப்போயிருந்தால் சூடுகாட்டிக் கழற்றுங்கள், சுத்தியலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம், பிளாக் (சிலிண்டர்கள் உள்ள பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட் (அதன் மேல் மூடி) அலுமினியம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டின் நீர்வழிகள் அரித்துப்போகும். கூலன்ட் கலந்தே ஊற்றுங்கள்.

ஹெட்டைப் பிரிக்கும்போது, கழற்றும் ஷிம் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) ஒவ்வொன்றும் எந்த வால்வுடையது, கனம் எவ்வளவு என்று குறித்துவையுங்கள். ஏற்கெனவே ஹெட் பிரித்தவர்கள் படங்களை இன்றிரவே இங்கே போட்டால் நல்லது. விற்பனைப் பதிவுகள் மட்டும் வேண்டாம்.