அந்த ஒரு வரியை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடந்த பழைய இசை நாடகங்களை இன்றைய திரைக்குக் கொண்டுவருவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மனைவியைக் கைநீட்டி அடித்த ஒருவனுக்காக நம்மைக் கண்கலங்க வைக்கும் ‘கேரசல்’ நாடகத்தை மறுபடியும் படமாக்குவதானால், உறுத்தும் வசனங்களை எடுத்துவிட்டுப் பாடல்களைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். கல்லூரியில் பல ஆண்டுகள் ஆங்கில நாடகம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. வசனங்கள் அப்படியே இருக்கட்டும். அவை பேசப்படும்போது கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்பதை மாற்றினால் போதும் என்பது என் கருத்து.

நாடகம் தெரியாத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் ரோட்ஜர்ஸ் இசையமைத்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய இந்நாடகம் 1945 ஏப்ரலில் நியூயார்க்கில் அரங்கேறி 890 காட்சிகள் ஓடியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோர ஊர் ஒன்றில், 1873இல் கதை தொடங்குகிறது. குடைராட்டினத்துக்கு ஆள் கூவி அழைக்கும் பில்லியும், ஆலையில் வேலை செய்யும் ஜூலியும் சந்தித்த முதல் இரவிலேயே இருவருக்கும் வேலை போய்விடுகிறது. திருமணம் செய்துகொண்டு, ஜூலியின் உறவுக்காரப் பெண் வீட்டில் ஒண்டிக்கொள்கிறார்கள். வேலையில்லாத அந்த நாட்களில் அவன் அவளை அடிக்கிறான். அதை நாம் மேடையில் பார்ப்பதில்லை, பிறர் பேசக் கேட்கிறோம். குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததும் பணத்துக்காகக் கொள்ளையடிக்கப் போய், அகப்பட்டுக்கொள்ளும் நிலையில் தன் கத்தியால் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒரே ஒரு நாள் பூமிக்குத் திரும்பிவர மேலுலகம் அனுமதிக்கிறது. மகள் லூயிஸுக்கு ஒரு நட்சத்திரத்தைப் பரிசாக நீட்டுகிறான்; அவள் வாங்க மறுக்கவே, அவள் கையில் பட்டென்று அடித்துவிடுகிறான். அடி சத்தமாக விழுந்தும் வலிக்கவில்லையே, அப்படியும் நடக்குமா என்று மகள் தாயிடம் கேட்கிறாள். நடக்கும் கண்ணே, ஒருவர் ஓங்கி அடித்தாலும் கொஞ்சமும் வலிக்காமல் இருக்கும் என்கிறாள் ஜூலி.

ஹென்றி கிங் இயக்கிய 1956ஆம் ஆண்டுப் படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் திரையிட்டோம். இந்த வசனம் வந்ததும் எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், “அடிக்கிற கைதானே அணைக்கும்” என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அது ஒப்புக்கொண்ட சிரிப்பா, நொந்துபோன சிரிப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கட்டுரையாளர் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருக்கிறார். அந்த வரி ஹாமர்ஸ்டைனின் சொந்தச் சரக்கு அல்ல. ஹங்கேரிய எழுத்தாளர் ஃபெரென்ஸ் மோல்னார் எழுதி, 1909இல் புடாபெஸ்ட்டில் மேடையேறிய ‘லிலியோம்’ நாடகத்திலிருந்து வந்தது அது. மோல்னாரிடம் அடித்தவனுக்கு மன்னிப்புக் கிடையாது. பூமிக்கு வந்தும் திருந்தாத அவனை மேலுலகக் காவலர்கள் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் பிறகுதான் மகள் கேட்கிறாள், தாய் பதில் சொல்கிறாள், திரை விழுகிறது. கசப்பை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நாம் எழுந்து வருகிறோம். ஹாமர்ஸ்டைன் அதே வரியை வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் மகளின் பள்ளிப் பட்டமளிப்பு விழாவையும், இன்று லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானம் அதிரப் பாடும் ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ என்ற அந்தப் புகழ்பெற்ற பாடலையும் சேர்த்தார். கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்லி, உன்னை நேசித்தேன் என்று மனைவியின் காதருகே சொல்கிறான். அவனுக்கு ஈடேற்றம் கிடைத்துவிடுகிறது. மோல்னாரிடம் காயமாக இருந்த வரி இங்கே மருந்தாகிவிட்டது. அடித்தவனுக்கான மருந்து, அவ்வளவுதான்.

படம் இன்னும் ஒரு படி மேலே போனது. பில்லி விண்ணுலகில் நட்சத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருக்கும் காட்சியில் தொடங்கியதால், அவன் கரையேறிவிடுவான் என்ற நிம்மதியோடுதான் அவன் கொடுமைகளைப் பார்க்கிறோம். மேடையில் தானே தேடிக்கொண்ட சாவு, படத்தில் தவறி விழுந்து கத்தி குத்திய விபத்தாயிற்று. ஹாலிவுட் தன் தணிக்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டிருந்த காலம் அது என்றாலும், விளைவு என்னவோ ஒன்றுதான்: அவன் மேலும் பரிதாபத்துக்குரியவன் ஆனான், அவள் மேலும் மௌனமானாள். உறுத்தலை நீக்குவது என்பது 1956லேயே நடந்துமுடிந்த காரியம். அதன் பலனைத்தான் நாம் பார்த்துவிட்டோமே.

2018இல் பிராட்வேயில் மீண்டும் மேடையேற்றியபோது தாயின் அந்தப் பதிலை நீக்கினார்கள். நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஜூலி நாடகம் முழுக்க மிகக் குறைவாகப் பேசுபவள். அவன் நல்லவனா கெட்டவனா என்று யோசித்து என்ன பயன், அவன் உன்னவன், அவ்வளவுதான் என்ற பொருளில் ஒரு பாட்டுப் பாடுகிறாள்; நம் ‘கல்லானாலும் கணவன்’ மெய்ன் கடற்கரையில் ஆங்கிலம் பேசினால் இப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு, தனக்கு நடந்ததைப் பற்றி அவள் மகளிடம் வாய்திறக்கும் ஒரே இடம் இந்தப் பதில்தான். அதையும் எடுத்துவிட்டால், அவள் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டு பதினைந்து ஆண்டுகளைத் தள்ளினாள், அதை மகளுக்கு எப்படிக் கைமாற்றினாள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். பில்லியும் மேலுலகத்தில் விசாரிக்கப்படும்போது, சண்டை வரும், அவள் சொல்வது சரியாக இருக்கும், அதனால் அடித்தேன் என்கிறான். இவ்வளவு பச்சையாக ஒப்புக்கொள்ளும் நாடகத்துக்குத் தன் கதாநாயகன் யார் என்று தெரியாமல் இல்லை.

வெட்டாமலும் செய்ய முடியும் என்பதற்கு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2021இல் எடுத்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ சாட்சி. அனீட்டா என்ற பெண்ணை இளைஞர் கூட்டம் மருந்துக்கடையில் வளைத்துக்கொள்ளும் காட்சி பழைய நாடகத்திலேயே பார்க்கக் கூசுவது. ஸ்பீல்பெர்க் அதை நீக்கவில்லை. கடைக்காரர் இடத்தில் வாலன்டினா என்ற முதிய பெண்ணை வைத்தார். அவள் உள்ளே வந்து, நீங்கள் வன்புணர்வாளர்களாகிவிட்டீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அந்த வேடத்தில் நடித்த ரீட்டா மொரேனோதான் 1961ஆம் ஆண்டுப் படத்தில் அனீட்டா. அதே வன்முறைதான், பார்க்கும் கண் வேறு.

‘கேரசல்’ நாடகத்துக்குப் புதிய பாத்திரம்கூட வேண்டாம். பார்க்கும் கண்ணாக லூயிஸ் ஏற்கெனவே அங்கே நிற்கிறாள். மேடையில் தூரத்திலிருந்து மூவரையும் ஒன்றாகப் பார்க்கிறோம். திரையில் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்க்க முடியும். ஆர்கெஸ்ட்ராவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தாயின் பதிலை முகம் காட்டாத குரலாக மட்டும் ஒலிக்கவிட்டு, மகள் தன் கையைத் தேய்த்துக்கொண்டு அதைக் கேட்பதை ஒரு நிமிடம் நகராமல் காட்டினால், ஒரு சொல்லையும் மாற்றாமல் நாடகம் மோல்னாரின் பக்கம் திரும்பிவிடும். பட்டமளிப்பு விழாப் பாடல் அதன் பிறகு வரட்டும். அப்போது கேட்பவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று பார்க்கலாம்.

அன்று திரையிடல் முடிந்து வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் பழமொழி சொன்ன அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். பாடல்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “அம்மா சொன்னதை அந்தப் பொண்ணு நம்பிட்டாளா டீச்சர்?” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
திருச்சிராப்பள்ளி