தரப் பரீட்சை இல்லாத ஒரு நடன வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து நடனக் கல்வி பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அரங்கேற்றச் செலவுகள் குறித்து அதில் சொல்லப்பட்டவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் நடனம் பயில விரும்பும் வளர்ந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது குறையாகப் பட்டதால் இதை எழுதுகிறேன்.

வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாக நடத்தும் பரதநாட்டியப் பரீட்சைகளுள் ஒன்றுக்கு நான் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில்தான் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வந்தது. அதன் பின்னர் நான் சலங்கை கட்டவில்லை. சென்ற ஆண்டு மீண்டும் பயிலும் ஆசையோடு ஒரு நிறுவனத்தில் விசாரித்தபோது, எந்தத் தரத்துக்குத் தோற்றப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எந்தத் தரத்துக்கும் இல்லை என்றேன். அப்படியானால் மகளுக்கா என்றார்கள்.

பின்னர் ஒரு சிநேகிதி வழியாக, சமகால நடனமும் நாடகக்காரர் புத்தளிப்பு என்று சொல்லும் முன்னாயத்தமற்ற ஆக்கமும் பயிற்றும் சிறு வகுப்பொன்றில் ஆறு சனிக்கிழமைகள் கலந்துகொண்டேன். அச்சபையின் கலாவித்தகர் பட்டம் பெற்ற பரத ஆசிரியைகள் இருவர், இளமையில் கூத்தாடிய இளைப்பாறிய தபால் ஊழியர் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் சிலர், பரதத்தின் அடிப்படை அசைவான அடவு ஒன்றைக்கூட வாழ்நாளில் அறியாத வங்கி உத்தியோகத்தர் ஒருவர், எல்லாவற்றுக்கும் இடையில் நான் என்று பன்னிரண்டு பேர் இருந்தோம். இவ்வளவு வேறுபட்டவர்களை ஒரே வேளையில் எப்படிப் பயிற்றுவது என்பதுதான் எனது முதல் ஐயம்.

முதல் நாள் ஆடவே இல்லை. கண்களை மூடி நின்றோம். அசையாமல் நிற்பதாக நாம் எண்ணிக்கொள்ளும் நேரத்திலும் விழுந்துவிடாதிருக்கக் கணுக்காலும் இடுப்பும் முதுகும் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் நுண்ணிய திருத்தங்களைக் கவனிப்பதே பயிற்சி. ஒருவரையொருவர் தொட்டும் தாங்கியும் ஆடும் தொடுகைவழிப் புத்தளிப்பை 1972இல் அமெரிக்காவில் தொடக்கிய நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் இதைச் ‘சிறு நடனம்’ என்று அழைத்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இதில் வேறுபாடு இருக்கவில்லை. இருந்ததென்றால், பெறாதவருக்கே அது இலகுவாக இருந்தது. இசைக்கு ஏற்ப விரும்பியபடி அசையலாம் என்றதும் ஆசிரியைகள் இருவரின் முழங்கால்களும் தாமாகவே பரதத்தின் அரைமண்டி நிலைக்கு விரிந்தன, கைகள் பதாக முத்திரை பிடித்தன; ஒரு கையைக் குறியற்ற வெறுங் கையாகத் தூக்குவதற்கு அவர்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. வங்கி உத்தியோகத்தரோ எதிர்மாறாக, வெட்கத்தால் சுவரோரத்திலேயே நின்றார். அவருடைய தயக்கத்தையே பிடித்து, தயங்கித் தயங்கி நடப்பதை ஓர் அசைவாக வளர்க்கும்படி பயிற்றுநர் சொன்னதும், ஆசிரியைகள் அந்த நடையைப் பின்பற்றி ஆடியதும் நான் கண்டவற்றில் மிகச் சிறந்த பாடம். ஆகவே அனுபவமுள்ளவர் அனுபவமற்றவருக்கு இரங்கி இடம் கொடுக்கும் வகுப்பென இதனை எண்ணுவது தவறு.

இது எமது மரபல்ல என்பார் சிலர். ஆனால் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு இராகத்தை எழுதிவைக்காமல் மணிக்கணக்காக விரிப்பதையும், தவில் மேதை தட்சணாமூர்த்தி போன்றோரின் தனி ஆவர்த்தனத்தையும் விடியும்வரை இருந்து கேட்டுப் பழகிய ஊர் இது. அந்தந்தக் கணத்தில் கற்பனையால் விரிக்கும் மனோதர்மத்தை வாத்தியத்தில் போற்றும் நாம், அதை உடம்புக்கு மறுப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. 1978இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் இங்கு தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழியே உடற்பயிற்சிகளும் அரங்க விளையாட்டுகளும் எம்மவருக்கு முன்பே பழக்கமாயின. பரதத்துக்கு இதனால் கேடு வரும் என்று அஞ்சவும் தேவையில்லை. சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகா 1985இல் ‘அங்கிகா’ என்ற ஆக்கத்தில் கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்றையும் யோகத்தையும் பரதத்தோடு சேர்த்து வைத்தார், பரதம் அங்கே குறைந்துபோகவில்லை.

தொடுகை பற்றிய தயக்கம் வேறு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒருவரின் பாரத்தை மற்றவர் தாங்கும் பயிற்சிகள் எமது வகுப்பில் நான்காம் வாரத்தில் வந்தன. விரும்பாதவர் விலகி நிற்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, பெண்கள் பெண்களோடு மட்டும் செய்யலாம் என்று ஒவ்வொரு முறையும் அறிவித்தார்கள். அந்த அறிவித்தல் இல்லாத இடத்துக்கு எவரும் போக வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

குறைகளும் இருந்தன. மாபிள் தரையில் உருண்டதால் முழங்கையும் முழங்காலும் கன்றிப்போயின. பயிற்றுநரின் அறிவுறுத்தல்களில் பாதி ஆங்கிலத்தில் இருந்தன. தபால் ஊழியர் அருகில் இருந்தவரைப் பார்த்தே செய்தார். ‘அனைவரும் வரலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி உடல் மெலிய வந்த இருவர் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டனர். என்ன செய்யப் போகிறோம், என்ன உடையில் வரவேண்டும், தரையில் படுத்தெழ வேண்டியிருக்குமா என்பவற்றைத் தெளிவாக எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திராது.

ஆறு வாரங்களோடு வகுப்பு முடிந்தது. பயிற்றுநர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். மருதனார்மடத்திலுள்ள யாழ். பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில் நடனம் பயின்று பட்டம் பெறும் இளையோர் ஆண்டுதோறும் வெளியேறுகிறார்கள், ஆசிரிய நியமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரேனும் இத்தகைய வகுப்பைத் தமிழில் நடத்த முன்வருவாரானால், மண்டபம் வைத்திருக்கும் சனசமூக நிலையங்களுள் ஒன்று சனிக்கிழமைப் பிற்பகலில் இரண்டு மணிநேரத்தைக் கொடுக்குமானால், கட்டணம் செலுத்தி வருவதற்கு எமது பன்னிருவரில் எண்மர் இப்போதே ஆயத்தமாக உள்ளோம். பெண்கள் இருட்டுவதற்கு முன் பஸ் பிடிக்கக்கூடிய நேரமாகவும், தரையில் விரிக்கத் தடித்த பாய்கள் உள்ள இடமாகவும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொக்குவில்.