பியானோவை விட்டுவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ராக் அண்ட் ரோல் இசை பிறந்த காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி, படி ஹாலி என்று எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கிட்டார். பியானோ ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் ஜெர்ரி லீ லூயிஸ் மேடையில் ஸ்டூலை எட்டி உதைத்தார் என்று சொல்வதற்காக. 40 வருடமாக இந்தப் பாட்டுகளைக் கேட்டுவருகிறேன். அந்த இசையை ஆரம்ப ஆண்டுகளில் தூக்கி நிறுத்தியதில் பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நார்த் ராம்பார்ட் தெருவும் டுமெய்ன் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு கடை இருந்தது. முன்பக்கம் இசைத்தட்டு வியாபாரம். பின்பக்க அறையில் கோசிமோ மத்தாசா என்பவர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார். ஜே அண்ட் எம் என்று பெயர். 1949 டிசம்பரில் 21 வயதுப் பியானோக்காரர், பாடகர் ஃபேட்ஸ் டாமினோ அங்கேதான் ‘தி ஃபேட் மேன்’ பாட்டைப் பதிவு செய்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பியானோ முழங்க ஆரம்பித்துவிடும். நடுவில் ‘வா வா’ என்று கீச்சுக் குரலில் வாயாலேயே டிரம்பெட் வாசிப்பார். அந்த இடது கையைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் வீட்டில் இருந்தது ஹார்மோனியம். அதில் இடது கை துருத்திக்குப் போய்விடும். ஒரே ஆளின் இடது கை தவில் போல் அடித்துக்கொண்டிருக்க, வலது கை பாட்டைக் கூடவே கூட்டிக்கொண்டு போவது எனக்கு அப்போது பெரிய அதிசயம்.

அப்புறம் 1956-இல் வந்த அவருடைய ‘புளூபெர்ரி ஹில்’. 1940-லேயே வந்த பழைய பாட்டுதான். டாமினோ அதை மாற்றிய விதம் நம் தாளக்காரர்களுக்கு உடனே பிடிபடும். ஒவ்வொரு அடியையும் வலது கை மூன்றாகப் பிரித்து ‘தகிட தகிட’ என்று போகும். நல்ல திஸ்ர நடை. 1969-இல் லாஸ் வேகாஸில் நிருபர் ஒருவர் எல்விஸை ‘கிங்’ என்று அழைத்தபோது, அங்கே நின்ற டாமினோவைக் காட்டி, உண்மையான ராஜா அவர்தான் என்றார் எல்விஸ். கட்டுரையில் டாமினோவின் பெயர்கூட இல்லை.

பியானோ வாசித்துக்கொண்டே பாடிய லிட்டில் ரிச்சர்டுக்குக் கட்டுரையில் ஒரு வரி கிடைத்திருக்கிறது. 1955 செப்டம்பரில் அதே கடையின் பின்னறையில் நடந்ததைச் சொன்னால் ஒரு வரி போதாது. பதிவு சுரத்தில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் சோர்ந்துபோய், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் ட்யூ டிராப் இன் என்ற விடுதிக்கு அழைத்துப் போனார். அங்கே கூட்டத்தைப் பார்த்ததும் ரிச்சர்ட் பியானோவில் உட்கார்ந்து ‘டுட்டி ஃப்ரூட்டி’ என்ற பச்சையான பாட்டைக் கத்திப் பாடினார். தேடியது கிடைத்துவிட்டது என்று பிளாக்வெல்லுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வரிகளை வெளியே விட முடியாது. டோரதி லபோஸ்ட்ரி என்ற பெண்ணைக் கூப்பிட்டு வேறு வரிகள் எழுத வைத்தார்கள். அவர் எழுதி முடித்தபோது கால் மணி நேரம்தான் மிச்சம். அன்று பியானோவுக்கு வேறு ஆள் இருந்தார், அவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. சரி, நீயே வாசி என்று ரிச்சர்டையே உட்கார வைத்தார்கள். இன்று நாம் கேட்பது அந்த அவசரத்தைத்தான்!

அந்தக் கூடத்தின் டிரம்ஸ்காரர் ஏர்ல் பால்மர். அந்த ஊர் வழக்கப்படி அவர் கைக்குப் பழகியது திஸ்ரச் சாயல் கொண்ட ஷஃபிள் என்ற தாளம். ரிச்சர்டின் வலது கையோ ஒவ்வொரு அடியையும் நேர் பாதியாக வெட்டும். அந்தக் கைக்கு ஈடு கொடுக்கப் போய்த்தான், பின்னால் ராக் தாளம் என்று பெயர் வாங்கிய அடிக்குத் தான் வந்ததாகப் பால்மர் சொல்லியிருக்கிறார். ரிச்சர்டின் ‘லூசில்’ பாட்டைக் கேட்டால் அது புரியும். உலகம் முழுக்கப் பரவிய ஒரு தாளம் ஒரு பியானோக்காரரின் விரல்களிலிருந்து வந்திருக்கிறது. கட்டுரையில் நான் தேடியது இதைத்தான்.

சக் பெர்ரியைப் பற்றிய பத்தியிலும் ஒரு பியானோக்காரர் விடுபட்டுப் போனார். 1952 டிசம்பர் 31 இரவு கச்சேரிக்கு, செயின்ட் லூயிஸில் ஜானி ஜான்சனின் மூவர் குழுவில் சாக்ஸபோன்காரருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஆள் தேடி ஜான்சன் கூப்பிட்டது பெர்ரியை. குழு ஜான்சனுடையது, பெர்ரி கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவர். 1955-இல் சிகாகோவில் பெர்ரியின் ‘மேபலீன்’ பாட்டு பதிவானபோதும் பியானோவில் ஜான்சன்தான். பெர்ரியின் பல பாட்டுகள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் போன்ற சுருதிகளில் இருக்கும். கிட்டார்காரர் தானாகத் தேடிப் போகிற சுருதிகள் இல்லை இவை, பியானோவுக்குத் தோதானவை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் இதைச் சுட்டிக்காட்டித்தான் ஜான்சனுக்காகப் பேசினார். பிற்காலத்தில் செயின்ட் லூயிஸில் முதியோரை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிப் பிழைத்தார் ஜான்சன். பல பாட்டுகளில் தனக்கும் பங்கு உண்டு என்று 2000-இல் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வரிகளும் மேடையும் பெர்ரியுடையவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதிவுகளில் கிட்டாருக்குப் பின்னால் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும் பியானோவைக் கேட்டவர்கள் ஜான்சனை மறக்க மாட்டார்கள்.

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு துள்ளலாம், புகைப்படத்துக்கு நிற்கலாம். பியானோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. அதனால்தான் சுவரொட்டியில் கிட்டார் நின்றுவிட்டது போலிருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் டாமினோவின் வீடு மூழ்கியது. அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து, யாரோ அந்த வீட்டின் மேலேயே அஞ்சலி எழுதிவிட்டுப் போனார்கள். அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். வரவேற்பறையில் இருந்த வெள்ளைப் பியானோ வெள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதைச் சீராக்கி 2013-இல் லூசியானா மாநில அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது.

அடுத்த பகுதி வரும் என்று கட்டுரையின் முடிவில் போட்டிருந்தீர்கள். அதில் ஜானி ஜான்சனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். படமும் போடுங்கள், பியானோவோடு இருக்கும் படமாக.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி