சந்திப்பு ஊழியச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

ஆயர் அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், சங்கத்தின் அன்பான அங்கத்தினர் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஆண்டும் நம்மைக் கைவிடாமல் நடத்திய தேவனுக்கு நன்றி.

மாதக் கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல விரும்புவது, துக்கத்திலும் வியாதியிலும் இருப்பவர்களைச் சந்திக்கப் போன இடங்களில் நாம் என்ன பேசினோம் என்பதைப் பற்றி.

ஆண்டின் தொடக்கத்தில் நானே ஒரு தவறு செய்தேன். சத்துவாச்சாரியில் கணவரை இழந்த ஓர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். உட்கார்ந்த உடனே, "எல்லாம் கர்த்தருடைய சித்தம் அக்கா, அழாதீங்க, சாட்சி கெட்டுப்போகும்" என்றேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஆறுதல் சொல்லப் போய், அழக்கூட விடாமல் செய்துவிட்டேன். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே! அவருக்கு இல்லாத அவசரம் எனக்கு எதற்கு?

இரண்டு வாரம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும் தம்பி, அவரைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். ஜன்னல் திட்டில், வேதாகமத்தின் மேல் அண்ணனுடைய மூக்குக்கண்ணாடி மடித்தபடியே இருந்தது. ஆராதனையில் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே முதல் வரியை அவர் உரக்க எடுத்துவிடுவாரே என்றேன். அக்கா சிரித்தார், அழுதார். அப்புறம் அவரே 23ஆம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் கூடச் சேர்ந்துகொண்டோம்.

அடுத்த கூட்டத்தில் யோபுவின் சரித்திரத்தைத் தியானித்தோம். அவனுடைய சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்தான். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபுவிடமே பேர் வாங்கினார்கள். "விசுவாசம் குறைவு", "ஏதோ பாவம் இருக்கும்" என்ற பேச்சு நம் வாயில் வரக் கூடாது என்று அன்று தீர்மானித்தோம். "கர்த்தர் உங்களை விட்டு விலகல, நாங்களும் இருக்கோம், நாளைக்குச் சாப்பாடு கொண்டுவரேன்" என்று சொல்லலாம். சொன்னால் கொண்டுபோகவும் வேண்டும்.

1900இல் நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து, இன்று வங்காளம், ஜார்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தோ ஜனங்கள் அதைத் தேடி வருகிறார்கள். சுற்றிலும் உள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். அங்கே மகனின் சிகிச்சைக்காக வந்திருந்த ஜார்கண்ட் தகப்பன் ஒருவருக்கு நம் பெரியம்மா ஒருவர் கேரியரில் ரசமும் சாதமும் கொண்டுபோனார். ஜெபிக்கலாமா என்று கைகூப்பிக் கேட்டார், அவர் தலையசைத்தார். பெரியம்மா தமிழில்தான் ஜெபித்தார். "இயேசுவே" என்ற இடத்தில் அந்த மனிதர் "யேசு, யேசு" என்றபடி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

குறையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பியதோடு நின்றுவிட்ட வீடுகள் இருக்கின்றன. அந்தப் பட்டியல் என்னிடம் உள்ளது. முதலில் அங்கேதான் போக வேண்டும்.

இந்தியோ வங்காளமோ தெரிந்தவர்கள் ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுங்கள். சாப்பாடு கொண்டுபோக இன்னும் இரண்டு கேரியர் தேவைப்படுகிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர், வேலூர்