தச்சர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ்ப் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தின் செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் '500 ஆண்டுகளாகக் கட்டியது கட்டியபடியே நிற்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்த மரச்சட்ட வீடு அது. மோர்ட்டன் குடும்பத்தார் 1610 வாக்கு வரை தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். தெற்குப் பகுதியில் வேலை தொடங்கிய பிறகுதான் மேலே ஒரு நீளக் கூடம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஏற்றினார்கள். கூரைக்குக் கனத்த கற்பலகைகள். அந்தப் பாரத்தில் கீழ்த்தளங்கள் பிதுங்கி, பிற்காலத்தில் உலோகக் கம்பி கொடுத்து நிறுத்தவேண்டியதாயிற்று. நீங்கள் அழகு என்று படம் போட்ட கோணல் இப்படி வந்ததுதான். கறுப்பு வெள்ளைப் பூச்சும் 19-ஆம் நூற்றாண்டு வேலை. முதலில் ஓக் மரம் பூச்சில்லாமல் வெளிறிய சாம்பல் நிறத்திலும் மரச்சட்டங்களுக்கு இடையிலுள்ள சுவர் மஞ்சள் காவியிலும் இருந்தன. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல, அதனால்தான் வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கூரையோடு கூரை முட்டிக்கொண்டு இரண்டு பெரிய ஜன்னல்கள் துருத்தி நிற்கும். வில்லியம் மோர்ட்டன் 1559-இல் செய்வித்தது, தச்சர் ரிச்சர்டு டேல் செய்தது என்று அந்த மரத்திலேயே செதுக்கியிருக்கிறது. நான் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் மோர்ட்டன்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். டேல் மட்டும் வரவில்லை.

என் அப்பா கும்பகோணம் பக்கத்து ஆசாரி. அவர் இழைத்த கதவு எதிலும் அவர் பெயர் கிடையாது. ஒரு கிரகப்பிரவேசத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்துவிட்டு, கடைசிப் பந்தியில் உட்காரவைத்தார்கள். அவர் சாப்பிடாமலே எழுந்து வந்தார். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நீங்கள் தொடர் வெளியிட்டபோதும் பர்மா தேக்கு வந்த கதை இருந்தது, இழைத்த கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போதே கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

சரி, நான் கேட்பது இரண்டே வரி. அடுத்த இதழில் 'கட்டியபடியே' என்பதைத் திருத்துங்கள். அப்புறம், அந்த ஜன்னல் படத்தைப் போட்டு, கீழே ரிச்சர்டு டேல், தச்சர் என்று அச்சிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
மான்செஸ்டர்