நிறுத்தப்பட்ட பாடக்கருவியை மீண்டும் உருவாக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பாடங்களோடு வந்த மென்பொருள் கருவிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டுவரும் நிலையில், அவற்றைப் பிறர் மீண்டும் உருவாக்குவது திருட்டாகுமா என்பது குறித்து எழுதுகிறேன்.

நான் மாணவர்களுக்குப் பரிந்துரைத்துவந்த மின்சுற்றுப் பயிற்சி ஒன்று, இணைய உலாவியில் அசைபடங்களை இயக்கும் ஃபிளாஷ் நுட்பத்தில் அமைந்திருந்தது. மின்தடையைக் கூட்டினால் திரையில் விளக்கு மங்கும், குறைத்தால் பளிச்சிடும். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் நிறுத்திய பிறகு, அந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் எஞ்சியது. பாடத்தை வெளியிட்டவர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை.

சட்டம் இதில் பலர் அஞ்சுவதைவிடத் தாராளமானது. சாஸ் இன்ஸ்டிடியூட் நிறுவனத்தின் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் செய்யும் வேலையையே செய்யும் மென்பொருளை வேர்ல்டு புரோகிராமிங் நிறுவனம் உருவாக்கியதால் இரண்டுக்கும் இடையே எழுந்த வழக்கில், மென்பொருள் செய்யும் வேலையோ நிரல்மொழியோ தரவுக் கோப்பின் வடிவமோ கணினி நிரலுக்கான பதிப்புரிமைக்குள் அடங்காது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. வேர்ல்டு புரோகிராமிங் சாஸ் மென்பொருளின் மூல நிரலைப் பார்க்கவில்லை. அதன் கற்போருக்கான பதிப்பை உரிமத்துடன் பெற்று, இயக்கிப் பார்த்தே தன் மென்பொருளை எழுதியது. ஆனால் கையேட்டின் வாசகங்களை எடுத்தாள்வது உரிமை மீறலாகலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

மின்சுற்றுப் பயிற்சியை நான் மீண்டும் உருவாக்கியபோது அந்தக் கோடுதான் எனக்கும் வழிகாட்டியது. விளக்கு மங்குவது ஓமின் விதி. அது எவருடைய சொத்துமல்ல. வினாக்களின் வாசகமும் படங்களும் சின்னமும் அப்படியல்ல. கருவியைக் கைவிட்டதால் அவற்றின் பதிப்புரிமை காலாவதியாகிவிடாது. அனுமதி கேட்டு இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்பது பேச்சுக்கு நன்றாயிருக்கலாம், பதிப்புரிமையில் செல்லாது. ஆகவே வினாக்களையெல்லாம் புதிதாகவே எழுதினேன்.

சட்டம் தடுக்காத இடத்திலும் தயங்க வேண்டியவை உண்டு. விடைகளைத் தானாகத் திருத்தும் கருவியை மீட்டெடுப்பவர், அதே வினாக்கள் வேறெங்கோ இன்னும் தேர்வில் இருக்கக்கூடும் என்பதை நினைக்காமல் விடைத்தொகுப்பைப் பொதுவில் வைப்பது முறையல்ல. பழைய மாணவர்களின் விடைகளும் மதிப்பெண்களும் கையில் கிடைத்தாலும் தொடக்கூடாது. அவர்கள் அவற்றைக் கற்பதற்காகக் கொடுத்தார்கள், நம் சோதனைக்காக அல்ல. மறுஆக்கம் என்பதை முதல் திரையிலேயே சொல்லிவிடுவதும் கடமை.

ஆனால் பொறுப்பு முழுவதையும் மீட்பவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. இணையவழிப் பாடங்களை வழங்கும் எட்எக்ஸ் தன் பாடத்தளத்தின் மூல நிரலை 2013-இலேயே திறந்த உரிமத்தில் வெளியிட்டது. கருவியை மூடும் நிறுவனங்களும் அவ்வாறு செய்யலாம். இயலாவிடில், மறுஆக்கத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்று மூடல் அறிவிப்பிலேயே ஒரு வரி எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்