வசனம் கேட்ட மகனுக்கு

குளச்சல்,
25 நவம்பர் 2025

அன்பு மக்களே,

நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே நானும் அம்மையும் நலம். போன வாரம் பேசும்போது, "புது வருஷத்துக்கு ஒரு நல்ல வசனம் எடுத்து அனுப்புங்கப்பா, ஃபிரேம் போட்டு மாட்டணும்" என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். நான் அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

நாமாகத் தேடி எடுக்கிற வசனம் பெரும்பாலும் நமக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும். "அஞ்சாதே", "ஆசி வழங்குவேன்" என்பதில்தான் கண் போய் நிற்கும். அதுவும் கடவுளின் வார்த்தைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு பூசையில் வாசிக்கிற நற்செய்தியை நீயும் தேர்ந்தெடுப்பதில்லை, பங்குத்தந்தையும் தேர்ந்தெடுப்பதில்லை. 1969 திருவருகைக்காலத்திலிருந்து, அதாவது கிறிஸ்துமசுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் வரும் காலத்திலிருந்து, மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்றாக அது வருகிறது. முதல் ஆண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, அப்புறம் லூக்கா. யோவான் தவக்காலத்திலும் ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்திலும் அதிகம் வருவார். வருகிற 30ஆம் தேதி ஞாயிறு மறுபடியும் மத்தேயு ஆண்டு பிறக்கிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

திருவருகைக்காலத்து மூன்றாம் ஞாயிறை எடுத்துக்கொள். மகிழ்ச்சி ஞாயிறு என்று அதற்குப் பெயர். சாமியார் ரோஸ் நிறத் திருவுடை போடுவார், இளைஞர்கள் குடில் வேலையில் மும்முரமாக இருப்பார்கள். அன்றைக்கு வாசிப்பதோ சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவானைப் பற்றி. ஆற்றங்கரையில் நின்று ஊரையே அதட்டியவர், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. யோவானைவிடப் பெரியவர் மனிதரில் பிறக்கவில்லை என்று அங்கேயே மக்களிடம் சொல்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் சந்தேகம்தான் வருகிறது என்று நீ ஒரு தடவை சொன்னாயே, அன்று நான் வசனம் தேடியிருந்தால் இந்தப் பகுதிக்கு வந்திருக்கவே மாட்டேன்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. உனக்கு அப்போது பத்து வயது. அன்று இயேசு, மரியா, யோசேப்பு மூவரையும் நினைக்கும் திருக்குடும்ப விழா, அதுவும் மத்தேயு ஆண்டு. பெற்றோரை மதிக்கச் சொல்லும் சீராக் நூல் வாசகத்தை நான்தான் வாசித்தேன். பிறகு நற்செய்தி: வானதூதர் யோசேப்பின் கனவில் வந்து, எழுந்திரு, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப் போ என்கிறார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மை இட்லி எடுத்து வைத்த நேரத்தில் கடல் உள்ளே வந்தது. உன்னையும் அம்மையையும் இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினேன். உன் ஒரு கால் செருப்பு வழியிலேயே போய்விட்டது. நாம் பிழைத்தோம். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டுக் கல்லறையில் வைத்தோம் என்பது உனக்கே தெரியும்.

திருக்குடும்ப ஞாயிறன்று வாசிக்கும் பகுதியில் நடுவே மூன்று வசனங்கள் கிடையாது. பெத்லகேம் குழந்தைகளை ஏரோது அரசன் கொன்றது அந்த மூன்றில்தான் இருக்கிறது. மாசில்லாக் குழந்தைகள் விழாவான டிசம்பர் 28 அன்றுதான் அது வரும். 2004இல் அது செவ்வாய்க்கிழமை. நம் கரையில் அடக்கம் முடியாத நாள். இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்று மறுக்கிறாள், ஏனென்றால் அவர்கள் இல்லை. இறைவாக்கினர் எரேமியாவின் அந்த வார்த்தையை எழுதிவிட்டு மத்தேயு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அந்த நாட்களில் விளக்கம் சொல்ல எத்தனையோ பேர் வந்தார்கள். ஊரின் பாவம் என்றார்கள், கடவுளின் சோதனை என்றார்கள். பிள்ளையை இழந்த தாயிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை, இன்றைக்கும் எழாது. ஆறுதலை மறுக்கிறவளின் அழுகையை நற்செய்தியே வாயடைக்கவில்லை என்பதுதான் என்னைக் கோயிலில் பிடித்து வைத்தது. மாட்டி வைக்கிற வசனமாக அதை யார் எடுப்பார், சொல்?

மற்றதை நீயே படித்துப் போகலாம். தவக்காலத்தில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர் என்று யோவானின் மூன்று நீளமான பகுதிகள் அடுத்தடுத்து வரும்; நின்றுகொண்டே கேட்கக் கால் வலிக்கும், பரவாயில்லை. செப்டம்பரில் திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை வரும்போது உன் கம்பெனி ஆட்களை நினைத்துக்கொள். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்களை என்னைவிட நீ நன்றாக அறிவாய்.

குவைத்தில் ஞாயிறு வாசகங்களை வெள்ளிக்கிழமைப் பூசையிலேயே வைத்துவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அப்படியானால் இந்த டிசம்பர் 26 வெள்ளிக்கிழமை, திருக்குடும்பப் பேராலயத்தில், நீ அதே நற்செய்தியைக் கேட்பாய். மருமகளையும் பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. 28 இந்த ஆண்டு ஞாயிறாக வருவதால் அந்த மூன்று வசனங்கள் கோயிலில் வராது. மத்தேயு 2, 16 முதல் 18 வரை. வீட்டில் நீ வாசி, நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு மெழுகுதிரி வை.

அந்த நற்செய்தியின் கடைசிப் பகுதியையும் கவனி. ஏரோது செத்த பிறகு யோசேப்பு திரும்பி வருகிறார், ஆனால் யூதேயாவில் அவன் மகன் அர்க்கெலா ஆட்சி என்று கேள்விப்பட்டு அங்கே போக அஞ்சுகிறார். நாசரேத்தில் குடியேறுகிறார். காண்ட்ராக்ட் முடிந்தால் ஊரில் என்ன செய்வது, நாகர்கோவிலா திருவனந்தபுரமா என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். எங்கே என்றாலும் நானும் அம்மையும் வந்து பார்த்துக்கொள்வோம். எங்களுக்காக இந்தக் கரையில்தான் வீடு கட்டணும் என்று நினைக்காதே.

26ஆம் தேதி சாயங்காலம் கல்லறைக்குப் போவோம், அங்கே போன் எடுக்க முடியாது. மதியத்துக்கு முன்னால் கூப்பிடு. பேத்தியை வீடியோவில் காட்டு, அம்மை நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா